புறநகரில் குடும்பத்துக்கு ஒரு வீடு: தெருவிலிருந்து தொடங்கிப் பார்க்கும் முழுமையான வழிகாட்டி

நாங்கள் புறநகரில் முதன்முதலாகக் குடியேறிய வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்தோம். அகலமான தெரு, இருபுறமும் மரங்கள், கூடம் முழுக்க வெயில். அரை மணி நேரத்தில் சம்மதம் சொல்லிவிட்டோம். குடிபுகுந்த மறுநாள் திங்கட்கிழமை. விடியற்காலை 5 மணிக்குப் பின்மதிலுக்கு அப்பால் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமத் தொடங்கின. அங்கே ஒரு சரக்குக் கிடங்கு இருந்திருக்கிறது. ஞாயிறு அதற்கு விடுமுறை. தொட்டிலில் கிடந்த குழந்தை வீறிட்டு அழுதது. அந்த வீட்டில் இருந்த இரண்டு ஆண்டுகளும் வேலை நாள்களில் எங்களுக்கு விடிந்த நேரம் அதுதான்.

வீட்டுக்குள் ஒரு குறையும் இல்லை. சமையலறை வசதியாக இருந்தது, அறைகள் பெரியவை, கூரை ஒழுகவில்லை. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் குறைகளைத்தான் நாம் பிற்பாடு சரிசெய்துகொள்ள முடியும். சுவரை இடித்துக் கட்டலாம், குழாயை மாற்றலாம். மதிலுக்கு வெளியே உள்ளவற்றில் ஒரு செங்கல்லைக்கூட நம்மால் நகர்த்த முடியாது. அதனால்தான் வீடு பார்க்கும் வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறேன். முதலில் குடும்பம், பிறகு சுற்றுப்புறம், பிறகு தெரு, பிறகு மனை, கடைசியாக வீடு. வாங்குபவர்களுக்கும் வாடகைக்குப் போகிறவர்களுக்கும் இந்த வரிசை பொருந்தும். பத்திரங்களைச் சரிபார்ப்பது வழக்கறிஞரின் வேலை. அதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

முதல் படி: ஒரு வாரத்தை எழுதுங்கள்

குடும்பமாக உட்கார்ந்து ஒரு தாளை எடுங்கள். எத்தனை அறைகள் வேண்டும் என்ற பேச்சு இப்போது வேண்டாம். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் வாரத்தில் எங்கெங்கே போகிறார்கள், எத்தனை முறை, எத்தனை மணிக்கு, யார் துணைக்குப் போகிறார்கள் என்று எழுதுங்கள். குழந்தையின் பள்ளி, பெரியவர்களின் வேலையிடம், பாட்டியின் மருத்துவர், வளர்ந்த பிள்ளையின் விளையாட்டுப் பயிற்சி, பால், காய்கறி, மருந்து என எதையும் விடாதீர்கள். எழுதி முடித்ததும் அதிகமுறை போகும் இடத்தை மேலேயும் எப்போதாவது போகும் இடத்தைக் கீழேயும் வைத்து வரிசைப்படுத்துங்கள்.

வரிசையைப் பார்த்ததும் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் வணிக வளாகமும் விமான நிலையமும் பட்டியலின் அடியில் கிடக்கும். மேலே நிற்பது அநேகமாகப் பள்ளிக்கூடம். அது 15 நிமிட நடையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துணைக்குப் போகிறவர் காலையில் கொண்டுபோய் விட்டுத் திரும்ப வேண்டும், மாலையில் போய் அழைத்துவர வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு நடை, மொத்தம் ஒரு மணி நேரம். 200 பள்ளி நாள்கள் என்றால் ஆண்டுக்கு 200 மணி நேரம். அந்தப் பாதை நிழலானதாக, பயமில்லாமல் பேசிக்கொண்டே நடக்கும்படியாக இருந்தால் அந்த 200 மணி நேரத்தில் பாதி பிள்ளையோடு கழிந்த நல்ல நேரம். லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, கையை இறுகப் பிடித்துக்கொண்டே போகும் பாதையென்றால் அத்தனையும் வேதனை.

வேலைக்குப் போய்வரும் நேரத்தையும் இப்படியே ஆண்டுக் கணக்காக்கிப் பாருங்கள். ஒரு தடவைக்கு 45 நிமிடம் என்றால் கேட்பதற்குப் பெரிதாகத் தெரியாது. போக, வர, 220 வேலை நாள்கள் என்று பெருக்கினால் 330 மணி நேரம் வருகிறது. இரவு பகலாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 14 முழு நாள்கள். கூடுதல் அறை ஒன்று கிடைக்கிறதே என்று இன்னும் தள்ளிப் போகும்போது, அந்த அறையில் உட்கார நேரம் மிஞ்சுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு தாளில் பத்து ஆண்டுகளுக்குப் பிந்தைய வாரத்தை எழுதுங்கள். இன்று நான்கு வயதுக் குழந்தை அப்போது தனியாகப் பஸ் ஏறும் வயதில் இருக்கும். இன்று தோட்டத்தைக் கொத்தும் தாத்தாவுக்கு அப்போது படி ஏறுவது கடினமாக இருக்கலாம். வீடு இரண்டு தாள்களுக்கும் பொருந்த வேண்டும்.

இரண்டாம் படி: வரைபடத்தில் பாதையை அளந்து பாருங்கள்

நல்ல குடியிருப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற கேள்விக்கு அமெரிக்கத் திட்ட வல்லுநர் கிளாரன்ஸ் பெர்ரி 1929இல் ஒரு விடை சொன்னார். நடுவில் தொடக்கப்பள்ளி, எந்த வீட்டிலிருந்தும் அது ஏறத்தாழ கால் மைலுக்குள், அதாவது 400 மீட்டருக்குள் இருக்க வேண்டும், பெரிய சாலைகள் குடியிருப்பின் ஓரத்தோடு போக வேண்டும், ஊடே போகக் கூடாது, கடைகள் அந்த ஓரச் சாலைகளின் சந்திப்புகளில் அமைய வேண்டும். பிள்ளைகள் பெருஞ்சாலையைக் கடக்காமல் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதே இதன் மையம். 2016இல் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ முன்வைத்த '15 நிமிட நகரம்' என்ற கருத்தும் இதே கவலையிலிருந்து வந்ததுதான்: அன்றாடத் தேவைகள் எல்லாம் நடந்தோ சைக்கிளிலோ கால் மணி நேரத்தில் எட்டிவிட வேண்டும் என்கிறது அது.

நல்ல உடல்நிலையில் உள்ளவர் நிமிடத்துக்கு 80 மீட்டர் நடப்பார். 400 மீட்டர் என்றால் 5 நிமிடம். முதியவர்களும் சிறு குழந்தைகளும் நிமிடத்துக்கு 50 மீட்டர் நடந்தாலே அதிகம். அவர்களுக்கு அதே தூரம் 8 நிமிடம். உங்கள் பட்டியலில் மேலே உள்ள ஆறேழு இடங்களுக்கும் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

வரைபடத்தில் வீட்டைச் சுற்றி வட்டம் போட்டுப் பார்க்கும் பழக்கம் ஏமாற்றிவிடும். புறநகர்களில் முட்டுச்சந்துகள் அதிகம். பின்மதிலைத் தாண்டினால் பள்ளி மைதானம் இருக்கும், மணியோசைகூடக் கேட்கும். ஆனால் தெரு வளைந்து வளைந்து முதன்மைச் சாலைக்குப் போய், அங்கிருந்து சுற்றிக்கொண்டு வந்தால்தான் பள்ளி வாசல். பறவைக்கு 200 மீட்டர், குழந்தைக்கு ஒன்றரை கிலோமீட்டர். ரயில் பாதை, ஓடை, வேலியிட்ட வளாகம் எல்லாம் இதே வேலையைச் செய்யும். நேர்கோட்டுத் தூரத்தைப் போல நடைதூரம் ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் நல்லது. இரண்டு மடங்கைத் தாண்டினால் அந்த வசதி பக்கத்தில் இருப்பதாக எண்ண வேண்டாம். முட்டுச்சந்தின் முனையில் நடந்துபோக மட்டும் ஒரு சந்து விட்டிருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். ஓர் ஆள் நுழையும் அந்த இடைவெளி ஒரு தெருவின் தலையெழுத்தையே மாற்றிவிடும்.

மூன்றாம் படி: பள்ளி நேரத்தில் பாதையை நடந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வேலை நாளில், பள்ளி தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு, அந்த வீட்டு வாசலில் நின்று புறப்படுங்கள். முடிந்தால் குழந்தையையும் அழைத்துப் போங்கள். குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தால் தெரு வேறு மாதிரி இருக்கும்: நிறுத்திவைத்த கார்கள் மதிலாக மறைக்கும், ஓட்டுநருக்குக் குழந்தையின் தலை தெரியாது. நீங்களே ஒருமுறை தெரு முனையில் குனிந்து, குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்கி இரு பக்கமும் பாருங்கள்.

நடைபாதை தொடர்ச்சியாக இருக்கிறதா? பாதி வழியில் முடிந்து சாலையில் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறதா? இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கவும் குழந்தைத் தள்ளுவண்டிகள் எதிரெதிரே வந்தால் விலகவும் 1.8 மீட்டர் அகலம் போதும். கடக்கும் இடங்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை விநாடி காத்திருந்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வாகனங்களின் வேகம். இதை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. சாலையோரத்தில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். மின்கம்பமோ மரமோ போதும், காலடியால் அளந்துகொள்ளலாம். ஒரு வாகனம் முதல் அடையாளத்திலிருந்து இரண்டாவதுக்கு வர 6 விநாடி எடுத்தால் அதன் வேகம் மணிக்கு 30 கி.மீ. மூன்றரை விநாடியில் வந்துவிட்டால் ஏறத்தாழ 50 கி.மீ. இருபது வாகனங்களை இப்படிப் பாருங்கள்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? குழந்தை சட்டென்று சாலையில் ஓடிவந்தால் ஓட்டுநர் சுதாரிக்க ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 30 கி.மீ. வேகத்தில் வரும் கார், காய்ந்த சாலையில், ஏறத்தாழ 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வரும் காரோ சுதாரிக்கும் அந்த ஒரு விநாடியிலேயே 13 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. முதல் கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் இன்னும் முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வீட்டு வாசலில் வேகத்தடையோ, குறுகலான திருப்பமோ, வேக வரம்புப் பலகையோ இருப்பது எந்தச் சலவைக்கல் தரையையும்விட மதிப்பு மிக்கது.

ஐந்து நிமிடத்தில் எத்தனை வாகனங்கள் போகின்றன என்றும் எண்ணுங்கள். 12ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரக் கணக்கு வந்துவிடும். போக்குவரத்து குறைந்த தெருவில் கிடைப்பது அமைதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டு, மார்க் லிண்டெல்லுடன் சேர்ந்து 1972இல் வெளியிட்டார். நாளொன்றுக்குச் சுமார் 2,000 வாகனங்கள் போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்களும் 6.3 அறிமுகமானவர்களும் அதே தெருவில் இருந்தார்கள். 16,000 வாகனங்கள் போகும் தெருவில் அது 0.9 நண்பர், 3.1 அறிமுகமானவர் என்று சுருங்கியது. அவசரத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நீங்கள் கதவைத் தட்டப்போகும் வீடு அந்த எண்களுக்குள்தான் இருக்கிறது.

நான்காம் படி: நான்கு வேளை போய்ப் பாருங்கள்

எங்கள் லாரிக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை நாள் விடியற்காலை, வேலை நாள் இரவு 10 மணி, வார விடுமுறை மாலை, பிறகு நல்ல மழை பெய்யும்போது ஒரு தடவை. தரகர் உடன் வர வேண்டிய அவசியம் இல்லை. தெருவில் நிற்க யாருடைய சாவியும் தேவையில்லை.

விடியற்காலையில் காதுதான் வேலை செய்ய வேண்டும். பேசாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். முதலில் பறவைகள் மட்டும் கேட்கும். நிமிடங்கள் போகப்போக மற்றவை ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும்: தொலைவில் விரைவுச்சாலையின் இரைச்சல், எங்கோ ஒரு குளிர்சாதன இயந்திரத்தின் ரீங்காரம், வானத்தில் விமானம். ஐரோப்பியப் பகுதிக்காக உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சாலை இரைச்சல் நாள் முழுவதற்குமான கணக்கில் சராசரியாக 53 டெசிபலுக்கும், இரவில் 45 டெசிபலுக்கும் கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கைப்பேசிச் செயலி துல்லியமாக அளக்காது. இரண்டு வீடுகளை ஒப்பிட மட்டும் உதவும். இன்னொன்று, சாலையிலிருந்து தள்ளிப் போனால் சத்தம் குறைந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். இடைவிடாமல் வாகனம் ஓடும் சாலையிலிருந்து தூரத்தை இரட்டிப்பாக்கினாலும், நடுவே தடுப்பு எதுவும் இல்லாத வெட்டவெளியில் குறைவது 3 டெசிபல் அளவுதான். நடுவில் ஒரு வரிசைக் கட்டடமோ மேடோ இருந்தால் அதைவிட நன்றாக மறைக்கும்.

இரவில் தெருவிளக்குகளை எண்ணுங்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை வெளிச்சம் அறுபடாமல் வருகிறதா? வழியில் மனித நடமாட்டம் இருக்கிறதா? வீட்டில் இரவு நேரத்தில் தனியாகத் திரும்புகிறவர் யாரோ அவரே நடந்து பார்த்துச் சொல்லட்டும். அவருடைய தீர்ப்பே இறுதித் தீர்ப்பாக இருக்க வேண்டும்.

வார விடுமுறை மாலை, குழந்தைகள் தெருவில் இருக்கிறார்களா என்று பார்க்க. ஆளரவமே இல்லையென்றால் காரணம் கேளுங்கள்.

மழை நாளின் வருகையைப் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் மிக மதிப்புள்ளது. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்பதை அன்றைக்குத்தான் காண முடியும். வடிகாலுக்குள் தண்ணீர் இறங்குகிறதா, அதிலிருந்து மேலே வருகிறதா? மழை வாய்க்கவில்லையென்றால் சுற்றுமதில்களின் அடிப்பகுதியைப் பாருங்கள். வெள்ளம் நின்ற இடங்களில் ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு ஓடும். அந்தத் தெருவில் மட்டும் புது வீடுகளின் வாசற்படிகள் பழைய வீடுகளைவிட மிக உயரமாகக் கட்டப்பட்டிருந்தால், அங்கிருப்பவர்கள் எதையோ அனுபவித்துவிட்டுத்தான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: வசதிகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்

பள்ளி பக்கத்தில் இருப்பது வேறு, அதில் இடம் கிடைப்பது வேறு. சேர்க்கை எல்லை எந்தத் தெருவரை, உங்கள் குழந்தையின் வகுப்பில் இடம் இருக்கிறதா, அண்ணன் தங்கை இருவரையும் சேர்ப்பார்களா என்று பள்ளியிலேயே கேளுங்கள். எதிர்ச் சாரி வீடுகள் எல்லைக்கு உள்ளேயும் உங்கள் சாரி வெளியேயும் இருக்கக்கூடும். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

பஸ் நிறுத்தம் இருக்கிறது என்பதோடு திருப்தி அடையாதீர்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்பதே கேள்வி. 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாக 5 நிமிடம் நிற்போம். நேர அட்டவணை பார்க்காமலே கிளம்பலாம். 30 நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒன்று தவறினாலே அன்றைய திட்டம் குலைந்துவிடும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை எத்தனை ஓடுகின்றன என்று பாருங்கள். கார் ஓட்டும் வயது வராத பிள்ளைகளுக்கும் கார் ஓட்டுவதை நிறுத்திவிட்ட பெரியவர்களுக்கும் சுதந்திரம் என்பது அந்த அட்டவணையில்தான் இருக்கிறது. நன்றாக ஓடும் பஸ் குடும்பத்துக்கு இரண்டாவது காரே வேண்டாம் என்று ஆக்கிவிடலாம்.

பூங்காவுக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. நகர்ப்புற மரங்களை ஆராயும் செசில் கோனைனென்டைக் 2021இல் முன்வைத்த '3-30-300' விதி அது: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்று மரங்களாவது கண்ணில் பட வேண்டும், குடியிருப்புப் பரப்பில் 30 விழுக்காடு மர நிழல் இருக்க வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பசுமைவெளி இருக்க வேண்டும். சன்னலருகில் நின்று மரங்களை எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பூங்காவுக்குள் போய் மாலை வேளையில் கால் மணி நேரம் உட்காருங்கள். ஊஞ்சலின் சங்கிலி தேய்ந்து பளபளக்கிறதென்றால் குழந்தைகள் வருகிறார்கள். இருக்கையை ஒட்டி நிழல், குடிநீர், கழிப்பறை இந்த மூன்றும் இருந்தால் தாத்தா பாட்டிகளும் வருவார்கள். அவர்கள் இருக்கும் பூங்காவில் குழந்தைகளைத் தைரியமாக விடலாம்.

மருத்துவமனைக்கு ஒருமுறை காரில் போய்ப் பாருங்கள், போக்குவரத்து மிகுந்த நேரத்தில். இரவில் திறந்திருக்கும் மருந்துக்கடை எது என்பதையும் கேட்டு வையுங்கள். வழியில் ரயில்வே கேட் இருக்கிறதா? ஆம்புலன்ஸ் திரும்பும் அளவுக்குத் தெரு அகலமா? நூலகம், நீச்சல்குளம், தபால் நிலையம் போன்றவற்றை உங்கள் வாரத் தாளில் எந்த இடத்தில் வருகின்றனவோ அந்த அளவுக்கு மதித்தால் போதும்.

காலி மனையைக் கண்டால் மட்டும் நின்று விசாரியுங்கள். இன்று பசுமையாகத் தெரியும் அந்த நிலத்தில் நாளை எதுவும் வரலாம். உள்ளாட்சி அலுவலகத்தின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் அது என்னவென்று குறிக்கப்பட்டிருக்கிறது, புதிய சாலை ஏதும் அந்த வழியே வரையப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது அரை நாள் வேலை.

ஆறாம் படி: அக்கம்பக்கத்தாரிடம் பேசுங்கள்

"இந்தப் பகுதி எப்படி?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குறிப்பாகக் கேட்க வேண்டும். நாங்கள் இரண்டாவது வீடு பார்க்கப் போனபோது எதிர்வீட்டுப் பெரியவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இங்கே கடைசியாகத் தண்ணீர் வராமல் நின்றது எப்போது?" என்று கேட்டேன்.

குழாயைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "தண்ணீர் நின்றதில்லையம்மா. ஆனால் உச்சி வெயில் காலத்தில் மாலை நேரத்தில் மாடிக்கு ஏறாது. நாங்கள் காலையிலேயே பிடித்து வைத்துவிடுவோம்."

விளம்பரத்தில் வராத செய்தி, இரண்டு வரியில் கிடைத்தது. பெருமழையில் எதுவரை தண்ணீர் வந்தது, மின்சாரம் எத்தனை முறை போகிறது, உங்கள் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள், இந்தத் தெருவில் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மூன்று வீடுகளில் ஒரே பதில் வந்தால் அதுதான் அந்தத் தெருவின் உண்மையான குறை.

ஏழாம் படி: இப்போது வீட்டைப் பாருங்கள்

வாசலுக்குள் போகும் முன் வீட்டைச் சுற்றி ஒரு வலம் வாருங்கள். நிலம் வீட்டை விட்டு வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். முதல் 3 மீட்டருக்குள் 15 சென்டிமீட்டராவது இறங்கினால் மழைநீர் அடித்தளத்தில் தேங்காது. வீட்டை நோக்கிச் சரிந்தால் வடிகால் வேலை தேவைப்படும். சுவரை ஒட்டிப் பெரிய மரம் இருந்தால் வெட்டிவிடலாம் என்று அவசரப்படாதீர்கள். வேர் அடித்தளத்தையும் கழிவுநீர்க் குழாயையும் என்ன செய்திருக்கிறது என்று பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும்.

விரிசல்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பூச்சு காய்ந்ததால் தலைமுடிபோல் மெல்லிய கோடுகள் எல்லா வீட்டிலும் உண்டு, அவற்றால் ஆபத்தில்லை. சன்னலின் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, செங்கல் இணைப்புகளின் வழியே படிக்கட்டுபோல் ஏறி, ஒரு முனையில் குறுகியும் மறுமுனையில் அகன்றும் இருக்கும் விரிசல்தான் கவலைக்குரியது. அடித்தளம் ஒருபக்கம் இறங்கும்போது இப்படி வரும். 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற விரிசல் எதுவானாலும் பொறியாளரிடம் காட்டாமல் முடிவெடுக்க வேண்டாம். கதவுகளைத் திறந்து மூடுங்கள். மேல்மூலையில் உரசும் கதவு சட்டம் கோணியிருப்பதைச் சொல்லும். ஒரு கோலிக்குண்டைத் தரையில் வையுங்கள். அறைக்கு அறை ஒரே திசையில் வேகமாக உருண்டால் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஈரத்தைக் கண்ணைவிட மூக்கு முதலில் கண்டுபிடிக்கும். வாசனைத் திரவியம் தெளித்திருந்தால் சன்னல்களைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மறுபடி உள்ளே வாருங்கள். அலமாரிக் கதவுகளைத் திறந்து முகர்ந்து பாருங்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம்வரை சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் நிலத்து ஈரம் மேலேறுகிறது. உத்தரத்தின் அருகே வட்டமான பழுப்புக் கறை இருந்தால் கூரையிலோ மேல்மாடிக் குளியலறையிலோ கசிவு. வீடு முழுக்கப் பழைய வண்ணமாகவும் ஒரே ஒரு மூலை மட்டும் புதுப்பூச்சாகவும் இருந்தால் அந்த மூலையில் என்ன நடந்தது என்று நேராகக் கேளுங்கள்.

தண்ணீருக்கு மூன்று சோதனைகள். சமையலறைக் குழாயில் 10 லிட்டர் வாளி ஒரு நிமிடத்துக்குள் நிரம்ப வேண்டும். மாடிக் குளியலறைக் குழாயையும் கீழ்க் குழாயையும் ஒன்றாகத் திறந்தால் இரண்டிலும் ஓட்டம் தாக்குப்பிடிக்க வேண்டும். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அரை மணி கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ குழாய் கசிகிறது.

மின்சாரத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் தானே துண்டிக்கும் மின்கசிவு துண்டிப்பான் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழுகிறதா. ஆளைக் காப்பாற்றும் வகை 30 மில்லிஆம்பியர் என்று குறிக்கப்பட்டிருக்கும். மற்றதெல்லாம் உரிமம் பெற்ற மின்பணியாளர் பார்க்கட்டும்.

மேற்குப் பார்த்த பெரிய சன்னல்கள் கோடை மாலையில் அறையைச் சூளையாக்கும். வெளிப்புற நிழல் தடுப்புக்கு இடம் இருக்கிறதா பாருங்கள். எதிரெதிரே சன்னல்கள் உள்ள அறைகளில் காற்று குறுக்கே ஓடும். கீழ்த்தளத்தில் படுக்கையறையாக மாற்றத்தக்க ஓர் அறையும் குளியலறையும் இருந்தால் வீட்டுப் பெரியவர்களுக்காகப் பிற்பாடு அலைய வேண்டியதில்லை. சக்கர நாற்காலி நுழையக் கதவின் திறப்பு 80 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும். சமையலறையில் நின்றால் குழந்தை விளையாடும் இடம் கண்ணில் படுகிறதா என்பதையும் பாருங்கள். எந்த வீட்டு விவரப் பட்டியலிலும் அது வராது. ஆனால் நாள்தோறும் பத்துத் தடவை அந்தப் பார்வை தேவைப்படும்.

எட்டாம் படி: குறைகளை மூன்றாகப் பிரியுங்கள்

இதுவரை குறித்தவற்றைப் பணத்தால் எளிதில் தீர்பவை, பெருஞ்செலவில் தீர்பவை, தீராதவை என்று பிரித்து எழுதுங்கள். பழைய சமையலறை மேடை முதல் வகை. அடித்தளமும் கூரையும் இரண்டாவது வகை. பொறியாளரின் மதிப்பீடு வந்த பிறகே விலை பேசுங்கள். பெருஞ்சாலையின் இரைச்சல், பள்ளிப் பாதையின் ஆபத்து, வெள்ளம், தொலைவு இவை மூன்றாம் வகை. மூன்றாம் வகையில் ஒன்று இருந்தாலும், உங்கள் வாரத் தாளின் முதல் மூன்று வரிகளில் ஒன்றை அது தொடுகிறதென்றால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். முதல் வகையில் இருபது குறைகள் இருக்கும் வீட்டைத் தயங்காமல் எடுக்கலாம். நாங்கள் இப்போது இருக்கும் வீட்டைப் பார்க்கப் போனபோது குளியலறை ஓடுகள் பெயர்ந்து, வண்ணம் உதிர்ந்து கிடந்தது. தெரு நன்றாக இருந்தது.

சாவி கைக்கு வந்த முதல் வாரத்தில் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் திருகு எங்கே, முதன்மை மின்விசை எங்கே என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே. எதிர்வீட்டிலும் இருபக்கத்திலும் போய்ப் பெயர் சொல்லி அறிமுகமாகுங்கள். பிறகு ஒரு மாலை, பள்ளிக்குப் போகும் வழியைக் குழந்தை முன்னே நடந்து காட்டட்டும். நீங்கள் நான்கடி பின்னாலேயே போங்கள். எங்கே நின்று இரு பக்கமும் பார்க்கிறாள், எங்கே தயங்குகிறாள், எந்த வீட்டு நாய்க்கு ஒதுங்குகிறாள் என்று கவனித்து, அடுத்த நாள் காலை அந்த இடங்களில் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.